செருப்பு கடிப்பதில்லை

ஐப்பசிக் கடைசியில் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர் நிலைக்கு வந்த ஓரிரு நாளில் கார்த்திகை பிறந்துவிடும். விசுவநாத சுவாமியின் தேர்வடம் பிடித்த கை சபரிமலை விரதத்துக்கான துளசி மாலையைத் தேடும். செருப்புகள் திண்ணையடிக்குப் போய்விடும். அன்றிலிருந்து 41 நாள் வெறுங்கால்.

இந்த 41-ஐ விரதக் கணக்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். தோலுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. உள்ளங்காலில் தரையின் அழுத்தம் நாள்தோறும் படப்பட, மேல்தோலின் அடியில் செல்கள் கூடுதலாகப் பெருகி, கெரட்டின் அடுக்கு தடிக்கும். காய்ப்புக் காய்ப்பது இப்படித்தான். அதற்குச் சில வாரங்கள் வேண்டும். பம்பைக்குப் புறப்படும் முதல்நாள் மாலை போட்டுக்கொள்பவரின் காலுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. சாமி மன்னிக்கலாம், சரளைக்கல் மன்னிக்காது.

காய்த்த கால் மரத்துப்போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. கென்யாவில் வெறுங்காலோடு நடப்பவர்களையும் காலணி அணிபவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. காய்ப்பு தடித்திருந்தாலும் தொடு உணர்வு குறையவில்லை என்கிறது அது. கெட்டியான அந்த அடுக்கு, தரையின் அதிர்வை உள்ளே இருக்கும் நரம்பு முனைகளுக்கு அப்படியே கடத்திவிடுகிறது. மெத்தென்ற ஷூ சோல்தான் அதை மழுப்புகிறது.

அதற்காக எல்லோரும் ஷூவைக் கழற்ற வேண்டியதில்லை. கம்பம், குமுளி வழியாக வருகிறவர்கள் இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்திலிருந்து புல்லுமேடு வழியாகச் சன்னிதானத்துக்கு நடப்பதுண்டு. சுமார் 12 கி.மீ. புல்லுமேட்டுக்கு அப்பால் ஒரே இறக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் தொடைத்தசை நீண்டபடியே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மறுநாள் படியிறங்க முடியாமல் போவது இதனால்தான். ஷூ போட்டவருக்குப் பாதம் முன்னால் வழுக்கி விரல்நகம் முட்டும்; இரண்டு நாளில் நகம் கறுக்கும். கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டி, விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டிருந்தால் நகம் தப்பிக்கும்.

கொப்புளம் வந்தால் ‘செருப்பு கடித்துவிட்டது’ என்று பழியைச் செருப்பின் மேல் போடுகிறோம். உண்மையில் கடி உள்ளிருந்து வருகிறது. வியர்வையில் ஈரமான தோல், சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகரும். நடுவில் மாட்டிக்கொண்ட அடுக்குகள் இழுபட்டு இழுபட்டு, மேல்தோலுக்குள்ளேயே பிளவு விழும். அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் ஈர சாக்ஸை வழியிலேயே மாற்றிவிட வேண்டும். குதிகாலில் சூடு தெரியத் தொடங்கியதும் உட்கார்ந்துவிடுவது நல்லது. கொப்புளம் அதற்குப் பிறகுதான் வரும். மருந்துக்கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியை முன்கூட்டியே ஒட்டிக்கொண்ட நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குக் கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2016-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. விலையும் அற்பம்தான்.

சூடு தெரிவதே ஒரு வரம் என்பது மருத்துவர் பால் பிராண்டுக்குத் தெரிந்திருந்தது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, பின்னர் தொழுநோயாளிகளின் கைகால்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். நோய்தான் பாதத்தை அரிக்கிறது என்று மற்றவர்கள் நம்பிய காலத்தில், வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுந்தித்தான் புண் ஆகிறது என்று கண்டவர். நமக்கு ஓரிடம் நோகத் தொடங்கியதும், நாம் அறியாமலே நடையை மாற்றிப் பாரத்தை வேறு பக்கம் சாய்க்கிறோம். உணர்வற்ற கால் கடைசி வரை ஒரே மாதிரி மிதிக்கும். இன்றும் எம்.சி.ஆர். செருப்பு என்று விற்கும் நுண்துளை ரப்பர் செருப்பு, இத்தகைய பாதங்களுக்காக வந்தது.

சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்கும் இதே நிலைதான். அவருக்கு 41 நாள் பழக்கமும் உதவாது. முள் ஏறியதையே இரவில் சாக்ஸில் ரத்தக்கறை பார்த்துத்தான் அறிவார். அவரை வெறுங்காலோடு மலையேற்றாமல் இருப்பது கூட்டிப்போகும் குருசாமியின் பொறுப்பு. தங்குமிடத்தில் சரணம் சொல்லி முடித்ததும் டார்ச் அடித்து அவர் உள்ளங்காலை யாராவது ஒருவர் பார்த்துவிட வேண்டும், விரலிடுக்கு உட்பட.