மூணு நெகட்டிவும் ஒரு ரிப்பேர் கோளாறும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

பின்னால ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா அது மைக் கோளாறு இல்லை, குற்றாலத்துச் சாரல். ஜன்னலுக்கு மேல தகரம் போட்டிருக்கு. லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன். வழக்கமா இங்க சாஃப்ட்வேர் பத்திப் பேசுவோம். இன்னைக்கு ஒரு லேப் ரிப்போர்ட் பத்திப் பேசணும்.

போன வருஷம் என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. வயது 43. தென்காசியிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போனோம். பயாப்சி ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டார் நெகட்டிவ், புரோஜெஸ்டிரோன் ரிசெப்டார் நெகட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். மாமா அதை வாசிச்சிட்டு, "மூணும் நெகட்டிவ்தானல, பொறவு என்ன?"ன்னு சிரிச்சாரு. கொரோனா காலத்தில் நெகட்டிவ் என்றால் நல்ல சேதி என்று பழகிட்டோம் இல்லையா. வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். இன்ஜினியரிங் படிச்ச நானும் தலையாட்டினேன்.

அந்த நெகட்டிவுக்கு அர்த்தம் வேறு. ரிசெப்டார் என்பது ஏற்பி. ஈஸ்ட்ரோஜன் வந்து உட்கார்ந்ததும், செல்லைப் பெருகச் சொல்லும் புரதம். 1896-ல் கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், சினைப்பையை அகற்றினால் சில மார்பகக் கட்டிகள் சுருங்குவதை எழுதினார். ஏன் சிலருக்கு மட்டும் என்பது, ஏற்பியைக் கண்டுபிடித்த பிறகுதான் புரிந்தது. ஏற்பி இருந்தால் டமாக்சிஃபென் போன்ற மருந்தால் அதை அடைக்கலாம். இல்லையென்றால் அந்த மருந்துக்குப் பிடிக்க இடமே இல்லை. மேலை நாடுகளில் மார்பகப் புற்றுநோய்களில் 10 முதல் 15 சதவீதம்தான் டிரிபிள் நெகட்டிவ். இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் சுமார் 30 சதவீதம்.

இதுவரைக்கும் கூகுள் பண்ணினா கிடைக்கும். எனக்குப் புதுசா இருந்தது அடுத்தது: இந்த ஏற்பிக் கணக்குக்கும் செல்லின் டிஎன்ஏ ரிப்பேர் வேலைக்கும் உள்ள தொடர்பு.

டிஎன்ஏ தினமும் அடிபடுகிறது. இரண்டு இழையும் சேர்ந்து அறுந்தால்தான் பெரிய ஆபத்து. நல்ல செல், பிரிவதற்கு முன் தான் எடுத்துவைத்த இன்னொரு பிரதியைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சரி செய்யும். பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் பண்ற மாதிரி. அந்த வேலைக்கு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு ஜீன்களும் வேண்டும். அவை இல்லாவிட்டால் செல் அறுந்த நுனிகளை எப்படியோ ஒட்டிவிட்டுப் போகும். நடுவில் சில எழுத்துகள் காணாமல் போகும். புரொடக்‌ஷன் சர்வர்ல கையால பேட்ச் அடிச்சவங்களுக்கு இதன் முடிவு தெரியும்.

இப்போ பாருங்க. பிஆர்சிஏ1 கோளாறோடு பிறந்தவர்களுக்கு வரும் மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை டிரிபிள் நெகட்டிவ். பிஆர்சிஏ2 கோளாறில் வருபவை பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவ். இரண்டும் ஒரே ரிப்பேர் டீம், ஆனால் முகம் வேறு. காரணம், பிஆர்சிஏ1-க்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மார்பகத்தின் முன்னோடிச் செல் முதிர்ந்து ஏற்பியுள்ள செல்லாக மாறுவதற்கு அது உதவுகிறது. ஏற்பி ஜீனை இயக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அது போனால் ரிப்பேரும் போகிறது, ஏற்பியும் வராமல் போகிறது.

அப்போ மூணு நெகட்டிவ்னா ரிப்பேர் போச்சுன்னு அர்த்தமா? அதுவும் இல்லை. பிரிட்டனில் டிஎன்டி என்று ஒரு ஆய்வு, 2018-ல் வெளியானது. டிஎன்ஏவை அடித்து உடைக்கும் கார்போபிளாட்டினையும் டோசிடாக்செலையும் ஒப்பிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிறவி பிஆர்சிஏ கோளாறு உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், கார்போபிளாட்டினில் 68 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, டோசிடாக்செலில் 33 சதவீதம் பேருக்குத்தான். நெகட்டிவ் என்பது ஒரு தடயம் மட்டும். உறுதி செய்ய ரத்தத்தில் ஜீன் பரிசோதனை வேண்டும்.

அந்தக் கோளாறையே ஆயுதமாக்கும் மருந்து ஒலாபரிப். நம்ம ஊர்க் கணக்கில் சொல்றேன். தென்காசியிலிருந்து திருவனந்தபுரம் போக ஆரியங்காவு மலைப்பாதை உண்டு, திருநெல்வேலி, நாகர்கோவில் சுற்றியும் போகலாம். மலையில் மண் சரிந்தால் நாகர்கோவில் வழி. புற்றுநோய்ச் செல்லுக்கு பிஆர்சிஏ வழி ஏற்கெனவே அடைபட்டது. ஒலாபரிப் பார்ப் என்ற ரிப்பேர் புரதத்தை முடக்கி அடுத்த வழியையும் அடைக்கிறது, செல் செத்துப்போகும். மற்ற செல்களில் ஒரு நல்ல பிரதி மிச்சம் இருப்பதால் அவை தப்பிக்கும். இதை 2005-ல் இரண்டு குழுக்கள் ஆய்வகத்தில் காட்டின. 2017-ல் வெளியான ஆய்வில், நோய் பரவியவர்களுக்கு அது முற்றாமல் நின்ற காலம் 4.2 மாதத்திலிருந்து 7 மாதமானது. மந்திரம் இல்லை. அந்த மூணு மாசம் யாருக்கு வேண்டுமோ அவங்களுக்குப் பெருசு.

இது வெள்ளைக்காரர் சமாச்சாரமும் இல்லை. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் டாக்டர் டி. ராஜ்குமார் குழு, தென்னிந்தியக் குடும்பங்களில் இந்த ஜீன் கோளாறுகளைத் தேடி 2003-லேயே வெளியிட்டது. 2009-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் குமரவேல் சோமசுந்தரம் குழு, 185டெல்ஏஜி என்ற மாற்றத்தைத் தென்னிந்தியப் பெண்களிடம் அடிக்கடி கண்டது. யூதர்களிடம் பிரபலமான அதே மாற்றம். இரண்டே எழுத்து விடுபட்டு, பின்னால் வரும் வாக்கியம் முழுக்கக் குளறுபடி. ஒரு கமா விட்டுப்போய் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கீங்கன்னா புரியும்.

சித்திக்கு கீமோ முடிஞ்சுது. ஜீன் பரிசோதனைப் பேச்சு அதன் பிறகுதான் வந்தது. டாக்டர் குடும்ப வரலாறு கேட்டார். ஆச்சி "வயித்துக் கட்டி"யில் போனதாக மட்டும் எல்லோருக்கும் தெரியும். அது சினைப்பையா, குடலா? சொல்ல ஆளில்லை. சினைப்பைப் புற்றுநோயும் இதே ஜீன்களோடு சேர்ந்தது. சித்திக்குக் கோளாறு உறுதியானால் என் அம்மாவுக்கும் இருக்க 50 சதவீத வாய்ப்பு. எனக்கு அதில் பாதி. ஆண்கள் வழியாகவும் இது இறங்கும், அதை எங்க வீட்டில் யாரும் நம்பலை.

சித்தி தயங்கியது தனக்காக இல்லை. "நாளைக்குப் பிள்ளைக்கு வரன் பாக்கையில இது வெளிய தெரிஞ்சா?"ன்னாங்க. என்னிடம் பதில் இல்லை. தங்கச்சிதான் சொன்னாள்: "எனக்குத் தெரியணும்மா. வரன் பொறவு பாக்கலாம்."

போன வாரம் சித்தி ரத்தம் கொடுத்துட்டாங்க. ரிசல்ட் வர சில வாரம் ஆகும். அம்மா டெஸ்ட் எடுக்கிறதைப் பத்தி இன்னும் ஒண்ணும் சொல்லலை, நானும் கேட்கலை. ஆச்சியோட பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் பரணில் கிடக்கான்னு மட்டும் நாளைக்கு ஏறிப் பார்க்கப் போறேன்.