வீட்டிலேயே புதுப்பிக்கலாம் கான்டெஸா... வெல்டிங் மட்டும் வேண்டாம்!
'இந்தியாவின் மஸில் கார்' என்று ரசிகர்கள் கொண்டாடும் கான்டெஸா, 1984-ல் வந்தது. 2002-ல் உற்பத்தி நின்றது. பழைய கான்டெஸா ஒன்றை வாங்கி வீட்டிலேயே புதுப்பிக்க ஆசையா?

முதலில், ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ், இன்ஜின் எண்கள் வண்டியில் இருப்பவைதானா என்று பாருங்கள். 15 ஆண்டுகள் கடந்த கார் என்பதால், தகுதிச் சோதனை முடித்து 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்து, மேட்டைத் தூக்கிவிட்டு அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். துருவின் மேலேயே பட்டி பூசினால் பெயின்ட் கொப்பளித்துவிடும். அரித்த தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் வழி.

ஆனால், விருதுநகர், சிவகாசி பக்கம் பட்டாசு இல்லாத தெரு ஏது? ஒரு தீப்பொறி போதும். காலியான பெட்ரோல் டேங்கில்கூட ஆவி தங்கியிருக்கும். அதனால் வெல்டிங்கைப் பட்டறையில், டேங்கைக் கழற்றிய பிறகே செய்யச் சொல்லுங்கள். சீட், வயரிங், பாலிஷ் எல்லாம் வீட்டில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்!