தரை கேட்கும் தண்ணீர்

கோரமண்டல் என்றதும் நம் மன்ற நண்பர்கள் பலர் கடற்கரையை நினைக்கிறார்கள். நான் பிறந்த கோரமண்டலில் கடல் இல்லை. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இரயிலில் வந்தால் இடையில் வரும் நிலையம் அது. கோலார் தங்கவயலைச் சேர்ந்த குடியிருப்பு. சென்ற கோடை விடுமுறையில் அங்கே எங்கள் லைன் வீட்டுத் தரையைக் குறித்து எழுந்த வழக்கே இக்கட்டுரைக்குக் காரணம்.

வழக்காடியவர்கள் என் அப்பாவும் ஆயாவும். வீட்டுத் தரை முழுவதையும் பெயர்த்துவிட்டுப் பளபளக்கும் ஓடு பதிக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி.

"ஈரக்காலோட நான் வழுக்கி வுழுந்தா யாருடா தூக்கறது?" என்றார் ஆயா.

"அதுக்காக சோத்துல சிமெண்டுத் தூள் விழணுமாம்மா?" என்றார் அப்பா.

இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது. முன்னறைத் தரை தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் போட்ட சிவப்புச் சிமெண்டுத் தரை. இன்றும் முகம் பார்க்கலாம். சமையலறைத் தரையோ ஆறாண்டுகளுக்கு முன் போட்டது. பெருக்கப் பெருக்கத் தூள் கிளம்பும். கட்டடப் பொறியியல் படிப்பவன் என்ற முறையில் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒரே வீட்டில், ஒரே பொருளால் செய்த இரு தரைகள் இவ்வாறு வேறுபடுவானேன்? சமையலறைக்குத் தரை போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேஸ்திரி கலவையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினார், இழுத்துவிட எளிது. மேலே நீர் கசிந்து நின்றதும், அதை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்த்தார். அன்று பார்க்க மிக அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாளே நாங்கள் பாத்திரங்களை உள்ளே அடுக்கிவிட்டோம். குடிக்கவே தண்ணீர் அரிதான கோடையில் தரைக்கு யார் ஊற்றுவது? ஆகவே பழியில் பாதி எங்களுடையது.

சிமெண்டு காய்ந்து இறுகுவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். அது காய்வதில்லை, தண்ணீரோடு வேதியியல் முறையில் கூடி இறுகுகிறது. கலவையில் நீர் மிகுந்தால், மிகுந்த பகுதி மேலே ஏறி வந்து, அங்கே வலுவற்ற ஒரு தோலை உண்டாக்குகிறது. அதன்மேல் தூவிய சிமெண்டு மற்றொரு தோலாகி, நாளடைவில் மயிரிழை போல வெடித்து உதிர்கிறது. கலவையில் நீர் குறைவாகவும், போட்ட பின் நீர் நிறைவாகவும் இருக்க வேண்டும். பொதுவாக 7 நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலிமை வருகிறது. முழு வலிமையை 28 நாளில் கணக்கிடுகிறார்கள். இன்று கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டு மெதுவாக இறுகுவதால், அதற்கு 10 முதல் 14 நாள் ஈரம் தேவை. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வழியில்லையா? கோணிச்சாக்கை நனைத்து விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை மூடுங்கள். சில குடத்தில் காரியம் முடியும்.

எந்த இடத்துக்கு எந்தத் தரை என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வசிக்கும் அறைக்கு 1:2:4 கலவையில் ஒன்றரை அங்குலத் தளம் போதும். ஆறடிக்கு மேற்படாத கட்டங்களாகப் பிரித்து, இடையே கண்ணாடிப் பட்டை வைத்தால் சுருங்கும்போது வெடிப்பு கண்ட இடத்தில் ஓடாது. சிவப்பு வேண்டுமென்றால் இரும்பு ஆக்சைடுப் பொடியை உலர்ந்த சிமெண்டோடு முன்னதாகவே கலந்துகொள்ள வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடலாகாது. ஓர் அறைக்கு வேண்டிய முழுதையும் ஒரே தடவையில் கலக்காவிட்டால் தரை திட்டுத் திட்டாகத் தெரியும். செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கற்களும் சிமெண்டே. சூளையில் சுடாமல், கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிறார்கள். பட்டறைக்கும் கிடங்குக்கும் இயந்திரத்தால் இழைத்துத் தேய்த்த காங்கிரீட் தரையே ஏற்றது. ஆனால் தேநீர்க் கடைக்கும் ஓட்டலுக்கும் நான் அதைச் சொல்லமாட்டேன். புளியும் எலுமிச்சையும் மோரும் அமிலம், சிமெண்டை அரித்துவிடும். அங்கே கருங்கல் பலகை பதிப்பதே அறிவுடைமை.

பராமரிப்பில் எங்கள் ஊருக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன; தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய அரைத்த பாறைத்தூள் மட்டும் சயனைடு மேடுகளாக நிற்கிறது. கோடைக் காற்றில் அத்தூள் வீட்டுக்குள் வந்து படிகிறது. அதிலுள்ள குவார்ட்சு கத்தியின் எஃகைவிடக் கடினமானது. அதன்மேல் நாம் நடக்கும் ஒவ்வோர் அடியும் தரையை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும். வாசலில் மிதியடி, முதலில் துடைப்பம், பிறகே ஈரத்துணி என்ற வரிசையை ஆயா ஒருநாளும் மாற்றியதில்லை. முன்னறைத் தரை பிழைத்ததற்கு இது பெருங்காரணம். கழிப்பறை கழுவும் ஆசிட்டைச் சிமெண்டுத் தரையில் ஊற்றுவது தற்கொலைக்குச் சமம். கொஞ்சம் சோப்புநீர் போதும். தேங்காய் நாரில் எண்ணெய் தொட்டுத் தேய்க்கும் ஆயாவின் வழக்கத்தை மட்டும் நான் ஆதரிக்கவில்லை. எண்ணெய் மிகுந்தால் அழுக்கும் பிடிக்கும், காலும் வழுக்கும். சொன்னேன், அவர் கேட்கவில்லை.

சமையலறையை ஓர் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்தேன். அடுப்பருகே 'டொக்கு டொக்கு' என்று பொள்ளலாக ஒலித்தது. அடித்தளத்தோடு ஒட்டவில்லை என்பது பொருள். அந்தப் பகுதியைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. மற்றப் பகுதியில் ஒலி திடமாக இருந்தது. மேல்தோலை மட்டும் நீக்கி, சோடியம் சிலிக்கேட்டுக் கரைசல் பூசினால் போதும். அது சிமெண்டிலுள்ள சுண்ணாம்போடு கூடி நுண்துளைகளை அடைக்கும். தோலை நீக்காமல் பூசினால் காசு வீண்.

இராபர்ட்சன்பேட்டையிலிருந்து தேய்க்கும் இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்து ஓட்டத் தொடங்கியதும் வெண்புகை போலத் தூள் எழுந்தது. ஆயா ஓடிவந்து மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார். தாத்தாவின் நுரையீரலைக் கொண்டுபோனது பாறைத்தூள். சிலிக்கோசிஸ் என்ற சொல் எங்கள் லைன்களில் படிக்காதவர்க்கும் தெரியும். காங்கிரீட்டைத் தேய்த்தால் வருவதும் அதே சிலிக்கா மணல்தூள்தான். பாடத்தில் படித்தவன் நான். நினைவில் வைத்திருந்தவர் அவர். பிறகு, தண்ணீர் பாய்ச்சி ஈரமாகத் தேய்க்கும் இயந்திரமும் முகக்கவசமும் வந்த பின்னரே வேலை தொடர்ந்தது.

அப்பாவுக்கு ஓட்டின்மேல் இருந்த ஆசை வெளித் திண்ணையோடு நின்றது. அதுவும் சொரசொரப்பான ஓடு. அடுப்பருகே புதிதாகப் போட்ட தரைமேல் பன்னிரண்டு நாள் ஈரச்சாக்கு கிடந்தது. அதுவரை சமையல் பின்வாசலில். பதின்மூன்றாம் நாள் காலையில் ஆயா சாக்கை எடுத்துவிட்டு, உள்ளங்கையால் தரையை அழுத்தித் தேய்த்து, கையைத் திருப்பிப் பார்த்தார். தூள் இல்லை. "அடுப்ப எடுத்தாடா" என்றார்.