நிலத்தடிக்கு இறங்கிய நஞ்சு

ஒரு லிட்டர் எத்திலீன் டைபுரோமைடின் எடை 2.18 கிலோ. தண்ணீரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கனம். நிறமில்லை, லேசான இனிப்பு மணம் உண்டு. தண்ணீருக்கடியில் மூழ்கும், அதில் ஓரளவு கரையவும் செய்யும். ரப்பர் கையுறையைக்கூட ஊடுருவித் தோலைத் தொட்டுவிடும்.

இதற்கு வாழ்வு கொடுத்தது பெட்ரோல். ஈயச் சேர்மத்தைக் கலந்தால் என்ஜினில் தட்டல் சத்தம் நிற்கும் என்று 1921-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். ஆனால், எரிந்த ஈயம் வால்வுகளிலும் ஸ்பார்க் பிளக்கிலும் படிந்தது. அதைத் தடுக்க எத்திலீன் டைபுரோமைடையும் சேர்த்தார்கள். ஈயம் புரோமைடாகிப் புகையோடு வெளியேறியது. என்ஜின் பிழைத்தது, சாலையோரம் நடந்தவர்கள் அந்த ஈயத்தைச் சுவாசித்தார்கள். இதைத் தயாரிக்கத் தேவையான புரோமினுக்குக் கிராக்கி கூடியதால், 1934-இல் வட கரோலினாவின் கியூர் கடற்கரையில் கடல்நீரிலிருந்தே அதைப் பிரித்தெடுக்கும் ஆலை எழுந்தது. பத்து லட்சம் பங்கு கடல்நீரில் இருப்பது சுமார் 65 பங்கு புரோமின்தான்!

அடுத்து இந்தத் திரவம் வயலுக்கு வந்தது. வேர்களைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்ல மண்ணில் செலுத்தினார்கள். இந்தியாவில் சேமித்த தானியத்தில் வண்டு, அந்துப்பூச்சியை ஒழிக்க இது ஈ.டி.பி. ஆம்பூல் என்ற பெயரில் சிறு கண்ணாடிக் குப்பிகளில் விற்கப்பட்டது. சமையலறைக்குப் பக்கத்தில் இப்படியொரு நஞ்சை வைத்திருக்க அனுமதித்ததே பெரும் தவறு. அதைக் குடித்து இறந்தவர்களைப் பற்றி நம் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். முறிவு மருந்து கிடையாது. கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழக்கும். 2001-இல்தான் இங்கே தடை வந்தது. அமெரிக்கா 1983-இலேயே மண்ணில் இடுவதை அவசரமாக நிறுத்தியிருந்தது.

ஹவாயின் ஓவாஹூ தீவில், குனியா அன்னாசித் தோட்டத்தில் 1977-இல் இந்தத் திரவம் சுமார் 1,870 லிட்டர் தரையில் கொட்டியது. கிணறு மிக அருகில் இருந்தது. 1980-இல் சோதித்தபோது கிணற்று நீரில் நஞ்சு இருந்தது. அமெரிக்காவில் குடிநீருக்கு அனுமதித்த உச்ச வரம்பு லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம். அதாவது, இந்தத் திரவத்தில் ஒரே ஒரு மில்லிலிட்டர் நாலு கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய்விடும். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள் இது.

கலிபோர்னியாவில் பூச்சிமருந்துத் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி மயங்கி விழுந்து, பிறகு இறந்தார். காப்பாற்ற இறங்கியவரும் இறந்தார். தொட்டியில் இருந்ததோ இந்த நஞ்சின் மிச்சம் மீதிதான்.

ஈயம் கலந்த கார் பெட்ரோல் இந்தியாவில் 2000-இலும், உலகிலேயே கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இலும் நின்றது. பிஸ்டன் என்ஜின் கொண்ட சிறு விமானங்களின் எரிபொருளில் ஈயத்தோடு இதுவும் இன்னும் சேர்கிறது. பழைய பெட்ரோல் பங்குகளின் தொட்டிகள் கசிந்த இடங்களில், சுற்றியுள்ள கிணறுகளை இதற்காகத் தனியாகச் சோதிக்க வேண்டும். இவ்வளவு குறைந்த அளவை நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்காது. வாயு நிறப்பகுப்புக் கருவி உள்ள ஆய்வகத்தால்தான் முடியும்.