மைக்கை மாத்துனா போதாது... இடத்தையும் மாத்துங்க பாஸ்!

'மச்சி, விஷுவல் செம! ஆனா, என்ன பேசுறாங்கன்னே புரியலடா...'

கல்ச்சுரல்ஸில் ஷார்ட் ஃபிலிம் போட்ட யாரும் இந்த விமர்சனத்துக்குத் தப்பியிருக்க முடியாது. கூடவே ஒரு தீர்ப்பும் வரும். 'கேமராவோட வந்த மைக் டுபாக்கூர். நல்ல மைக் வாங்கி மாட்டணும்!' இது பாதி உண்மை. மீதிப் பாதி காசு செலவில்லாத சமாச்சாரம் என்பதால் யாரும் சொல்வதில்லை. நாம சொல்லுவோம்!

உதாரணத்துக்கு சோனி பிடி170. 2003-ல் வந்த கேமரா. கல்யாண மண்டபம், டி.வி. நியூஸ் என்று சுற்றி வந்த உழைப்பாளி. உங்க சித்தப்பா கல்யாண கேசட்டை எடுத்ததே இதுவாகக்கூட இருக்கலாம். அதன் அண்ணன் பிடி150-ஐ வைத்துத்தான் டேவிட் லிஞ்ச் 2006-ல் 'இன்லேண்ட் எம்பயர்' படத்தை எடுத்தார். இப்போது இந்த மாடல்கள் தயாரிப்பில் இல்லை. ஆனால், எங்க காலேஜ் லேப் பீரோவில் ஒரு பிடி170 இன்னும் தூங்கிக்கொண்டு இருக்கிறது.

அதன் முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கும் மைக், கேமராவோடு ஒட்டிப் பிறந்தது போலத் தெரியும். உண்மையில் அது ஒரு பிடிமானத்தில் உட்கார்ந்திருக்கும் தனி மைக். ஸ்க்ரூவைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். அதன் ஒயர் போய்ச் சேரும் இடம், பக்கத்தில் இருக்கும் எக்ஸ்.எல்.ஆர் சாக்கெட். அந்த ஒயரைக் கழற்றிவிட்டு வேறு மைக்கின் ஒயரைச் செருகுங்க. மாற்றியாச்சு! கேமராவைப் பிரிக்கவும் வேண்டாம், சால்டரிங் அயர்னைத் தேடவும் வேண்டாம்.

செருகியும் சத்தம் வரலையா? '+48 வோல்ட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் பாருங்க. கண்டென்ஸர் வகை மைக்குக்கு மின்சாரம் வேணும். அதற்குத் தனி ஒயர் கிடையாது, சத்தம் வரும் அதே ஒயரில்தான் போகும். கண்ணுக்குத் தெரியாமல் போவதால் 'ஃபேன்டம் பவர்', அதாவது பேய் மின்சாரம்! அதென்ன 48 கணக்கு? 1966-ல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மன் கம்பெனி ஒரு மைக் செய்து கொடுத்தது. குளிர்காலத்தில் அந்த ஊரில் பகல் வெளிச்சம் கம்மி. அதனால் ஸ்டூடியோவில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் சப்ளை ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் திருப்பிவிட்டார்கள். பிறகு உலகம் முழுக்க அதுவே ஸ்டாண்டர்ட் ஆகிவிட்டது.

சின்ன 3.5 மி.மீ. ஓட்டை மட்டும் இருக்கும் கேமராவா? உஷார்! அதில் கிடைப்பது சில வோல்ட்தான். 48 வோல்ட் கேட்கும் மைக்கை வெறும் கன்வெர்ட்டர் ஒயர் போட்டு அதில் மாட்டினால் மைக் வாயே திறக்காது.

சரி, மாட்டியாச்சு. சவுண்ட் சூப்பராகிவிடுமா? இங்கேதான் மீதிப் பாதி!

கேமரா 4 மீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் ஜூம் பண்ணும், முகம் பக்கத்தில் வரும். மைக்குக்கு ஜூம் கிடையாது பாஸ், அது 4 மீட்டர் தள்ளி நின்றுதான் கேட்கும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் இறங்கும். 4 மீட்டரை அரை மீட்டராக்கினால் 18 டெசிபல் லாபம். ஃபேன் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய மைக்கை கேமரா தலையில் மாட்டினாலும் இந்த லாபம் வராது.

'கன் மைக் இருக்கே?' என்பீர்கள். அது நீளமான குழாய், பக்கவாட்டில் வரிசையாகக் கீறல்கள். பக்கத்திலிருந்து வரும் சத்தம் ஒவ்வொரு கீறலிலும் நேரம் மாறி நுழைந்து, ஒன்றோடொன்று மோதிக் காலியாகும். நல்ல ஐடியாதான். ஆனால் 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் 3.4 மீட்டர். ஒரு சாண் குழாய் அதை என்ன பண்ண முடியும்? சுவருக்குச் சுவர் எதிரொலிக்கும் க்ளாஸ் ரூமில் கன் மைக்கும் திணறத்தான் செய்யும்.

அப்போ அந்த எக்ஸ்.எல்.ஆர் சாக்கெட்டின் நிஜமான பெருமை என்ன? மைக்கைக் கேமராவிலிருந்து விடுதலை செய்வதுதான்! ஒரே சிக்னல் இரண்டு கம்பிகளில் நேரெதிராகப் போகிறது. வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலோ இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். கேமரா ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் அவுட், குரல் மட்டும் மிச்சம். அதனால் 10 மீட்டர் ஒயர் இழுத்தாலும் பயமில்லை. ஒரு கம்பில் மைக்கைக் கட்டி, ஃப்ரேமுக்கு வெளியே தலைக்கு மேலே பிடிங்க. அவ்வளவுதான் மேட்டர்!

கதைப் படம் என்றால் டப்பிங்கில் சமாளிக்கலாம். டாக்குமென்டரிக்கு? எங்க காலேஜ் விஸ்காம் அக்கா ஒருத்தர், தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டிய ஒரு தாத்தாவைப் பேட்டி எடுத்தார். சீலிங் ஃபேன் ஓட, மைக் கேமராவிலேயே இருந்தது. தாத்தா உற்சாகமாகப் பாடியும் காட்டினார். ஆறே மாசத்தில் அவர் போய்விட்டார். ஃபுட்டேஜில் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. பாட்டு மட்டும் ஃபேன் சத்தத்துக்கு அடியில் கிடக்கிறது. இதற்கு யாரைக் கூப்பிட்டு டப்பிங் பேசச் சொல்வது?

அதனால ஷூட்டுக்குக் கிளம்பும் முன்...

* ஃபேனை நிறுத்துங்க. வேர்க்கும், பரவாயில்லை.

* ஆட்டோ லெவலை ஆஃப் பண்ணுங்க. பேச்சு நின்றதும் அதுவே ஃபேன் சத்தத்தைத் தூக்கிவிடும். மேனுவலில் குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும்.

* ஹெட்போன் இல்லாமல் ரெக்கார்ட் பட்டனைத் தொடாதீங்க.

* யாரும் பேசாத வெறும் அறையை ஒரு நிமிஷம் பதிவு பண்ணுங்க. எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால் உங்க பாட்டியை உட்கார வைத்துக் கதை கேளுங்க. கேமரா எங்கே வேணும்னாலும் நிற்கட்டும். மைக் மட்டும் பாட்டிக்கு ஒரு முழத்துக்குள்ளே இருக்கணும்!