ராக்கியும் கர்ணனும்

கே.ஜி.எஃப் படத்தின் ராக்கியும் பாரதத்துக் கர்ணனும் தாய்க்குக் கொடுத்த வாக்கால் கட்டுண்டவர்கள். பிரசாந்த் நீல் இயக்கிய இப்படத்தின் முதல் பாகம் 2018 டிசம்பரிலும், இரண்டாம் பாகம் 2022 ஏப்ரலிலும் வெளிவந்தன. நராச்சி என்னும் கற்பனைச் சுரங்கத்துக்கான காட்சிகள், ராபர்ட்சன்பேட்டையை அடுத்த கோலார் தங்கவயலின் சயனைடு மண்மேடுகளில் படமாக்கப்பட்டன.

சாகும்போது பணக்காரனாகத்தான் சாக வேண்டும் என்று சிறுவயதிலேயே தாயிடம் வாக்குக் கொடுத்தவன் ராக்கி. பம்பாயில் அடியாளாக வளர்ந்து, அடிமைகளோடு அடிமையாக நராச்சிக்குள் நுழைந்து, சுரங்கத்தை ஆளும் கருடனைக் கொன்று அதையே கைப்பற்றுகிறான். பம்பாய்த் தெருவில் ஓர் ஏழைத் தாயின் கையிலிருந்து ரொட்டி விழுகிறது; அவள் அதை எடுக்கும் வரை வண்டிகள் அத்தனையையும் நிறுத்தி வைக்கிறான். எளியோரைக் காப்பவன் என்ற பழைய நாயக லட்சணம் அவனிடம் வெளிப்படும் அருமையான இடம் அது.

கர்ணனின் வாக்கு வேறு. வில்லிபாரதக் கதையில், நாகாஸ்திரத்தை ஒருமுறைக்கு மேல் தொடுப்பதில்லை, அர்ச்சுனனைத் தவிர மற்றவரைக் கொல்வதில்லை என்று குந்திக்கு வரம் தருகிறான். ஆற்றில் விட்ட தாய்க்காகத் தன் வெற்றியையே விட்டுக்கொடுக்கிறான். அவன் கேட்பது, தான் வீழ்ந்தபின் ஊரறிய மகனென்று சொல்லி அழ வேண்டும் என்பது மட்டுமே. களத்தில் கிடக்கும்போதும், வேதியர் வடிவில் வந்த கண்ணனுக்குத் தான் செய்த புண்ணியம் முழுவதையும் தாரை வார்க்கிறான். ராக்கியோ சேர்த்த தங்கம் அத்தனையோடும் கடலில் மூழ்குகிறான். ஒருவன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போகிறான், மற்றவன் எடுத்துக்கொண்டு போகிறான். கொடுத்துவிட்டுப் போனவனின் கதையான கர்ண மோட்சம் இன்றும் தெருக்கூத்தில் ஆடப்படுகிறது.

பா. ரஞ்சித்தின் தங்கலான் (2024) படம் கோலார் மண்ணுக்கு வேறொரு நாயகனைத் தந்தது. வட ஆர்க்காட்டில் நிலமிழந்து, ஆங்கிலேயனுக்காகப் பொன் தேடப் புறப்பட்ட உழவன் அவன். தன் சனத்தோடு போகிறான், முன்னோரின் நினைவையும் சுமக்கிறான். தங்கவயலின் உண்மைக்கு இவனே நெருக்கம்.

ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் சுரங்கப் பணியைத் தொடங்கியபின் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் பாறைவெடிப்புக்கும் நுரையீரல் நோய்க்கும் நடுவே உழைத்தார்கள். நராச்சியின் அடிமைகளைப் போல இவர்கள் ஒரு மீட்பனுக்காகக் காத்திருக்கவில்லை. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ராக்கியின் கதையில் இந்த மக்களுக்கு இடமில்லை. அது அந்தப் படத்தின் பெருங்குறை.