துடுப்பில் காது வைத்தால்

முழுநிலா இரவு. கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை மட்டக்களப்பு வாவிக்குள் விடுங்கள். மறு நுனியைக் காதோடு அழுத்துங்கள். இவ்வளவு நேரமும் ஊமையாய்க் கிடந்த தண்ணீர் முனகத் தொடங்கும். மீன்பாடும் தேன்நாடு என்று ஊர் பெயரெடுத்தது இந்த முனகலால்தான்.

துடுப்பில்லாவிட்டால் ஏன் கேட்பதில்லை? நீரின் மேற்பரப்பு ஒலிக்கு ஒரு மதில். கீழிருந்து ஆயிரம் ரூபாய்க்கு ஒலி வந்தால், ஒரு ரூபாய்தான் காற்றுக்கு ஏறும். மிச்சம் வந்த வழியே திரும்பிவிடும். காரணம் ஒலித்தடை, அதாவது அலை நுழையும்போது ஒரு பொருள் எவ்வளவு விறைத்து நிற்கிறது என்பதன் அளவு. காற்றைவிட நீருக்கு அது ஏறக்குறைய 3,600 மடங்கு. மரமோ இதில் நீருக்கு நெருங்கிய சொந்தம். அலை துடுப்புக்குள் வழுக்கி ஏறி, காதைச் சுற்றியுள்ள எலும்பை அதிரவைத்து, நேரே உட்காதைத் தொடுகிறது. காற்று என்ற தரகரே தேவையில்லை!

1848இல் இங்கே இரவில் படகேறிய எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, படகின் பலகையில் காதை வைத்ததும் ஒலி பெருகியதை எழுதிவைத்தார். முழுப் படகும் அவருக்குக் காதானது. பாடுவது ஊரி என்று மீனவர்கள் சொல்ல, அவரும் சிப்பியினம் என்றே நம்பினார். ஊர்ப் பெயர் மீனின் பக்கம்.

மீனுக்குக் குரல்நாண் கிடையாது. ஆனால் பல மீன்களுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை உண்டு. மிதக்க உதவும் பலூன் அது. சில இனங்கள் அதையே மேளமாக்கிவிட்டன. அமெரிக்கக் கரையோரத் தேரைமீன் ஒன்றின் காற்றுப்பைத் தசை, செக்கனுக்கு 200 முறை சுருங்கி விரியும். ஒரு தேன்சிட்டு சிறகடிப்பதைவிட வேகம்! சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இதன் உறவுமீன் இரவெல்லாம் இணையை அழைத்து ரீங்கரிக்க, படகுவீட்டுக்காரர்கள் தூக்கமிழந்தார்கள். அவர்களுக்குத் துடுப்புகூடத் தேவைப்படவில்லை. வீட்டின் அடிப்பலகையே போதுமாக இருந்தது.

நீரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1,500 மீற்றர் ஓடும். தேயாமல் போகுமென்றால், 56 கிலோமீற்றர் நீள வாவியை 40 செக்கனுக்குள் கடந்துவிடும்.

வாவியின் பாட்டைக் கேட்க ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம் என்பார்கள். இன்ஜினை மட்டும் முழுதாக நிறுத்தச் சொல்லுங்கள்: மரம் பாட்டையும் ஏற்றிவரும், இரைச்சலையும் ஏற்றிவரும். துடுப்பைக் காதின் பின்எலும்பில் அழுத்தியே பிடியுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் போதாது.